கூசிப் போன கஸ்தூரி

ரெண்டு வாரம் முன்பு பழவேற்காடு மீன் மார்க்கெட் போனேன். கஸ்தூரியின் இடம் காலி.

பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்துப் போய் பல வருஷமாக அவளிடம்தான் மீன் வாங்குகிறேன். உடம்பு சரியில்லையோ?

பக்கத்துக் கடை அஞ்சலை குரலைத் தாழ்த்தினாள். "உடம்புக்கு ஒண்ணுமில்லக்கா. போன்ல ஒண்ணு ஆயிப்போச்சு."

கஸ்தூரிக்கும் அவள் புருஷன் வேலுவுக்கும் சண்டை. எதற்கு என்று இப்போது இருவருக்கும் சரியாக நினைவில்லை. அவர் கோபித்துக்கொண்டு மங்களூர் பக்கம் போட் வேலைக்குப் போய்விட்டார். மாதக்கணக்கில் பேச்சு இல்லை. ஒரு நாள் காலை இவளுக்கு மனசு இளகிவிட்டது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.

"யோவ், எப்ப வருவ? கோவம்லாம் போச்சு. தலகாணி மேல உன் சட்டையப் போட்டுகினுதான் தூங்குறேன்..."

வேலுவுக்குப் போகவில்லை. மீன் விலை சொல்கிற வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. மார்க்கெட் பெண்கள் அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். அழிக்க அவளுக்குத் தெரியாது... யாரைப் போய்க் கேட்பாள்?

அவள் வீட்டுக்குப் போனேன். துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்புக்குளத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். இனி மார்க்கெட்டே வேண்டாமாம்.

"உடம்பே கூசிப் போச்சுக்கா. எந்த மூஞ்ச வெச்சுகினு போவேன்?"

கூசிப் போச்சு. எவ்வளவு சரியான சொல். வெயிலுக்கு வந்தால் கண் கூசுகிறது. மாங்காய் கடித்தால் பல் கூசுகிறது. விலாவில் விரல் பட்டால் உடம்பு கூசுகிறது. அந்தக் 'கூசு'வில் பிறந்ததுதான் கூச்சம். தாங்க முடியாத ஏதோ ஒன்று தொட்டதும் சுருங்கிக்கொள்கிறோம் – அவ்வளவுதான். கஸ்தூரியைத் தொட்டது அவளுடைய சொந்தக் குரல். அத்தனை ஆசையை ஊரே கேட்டுவிட்டது.

'யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க' என்றேன். எனக்கே அது உப்புச்சப்பில்லாமல் பட்டது.

அப்போது அவள் போன் சத்தம் போட்டது. குரூப்பில் அஞ்சலை. மார்க்கெட்டிலேயே சண்டைக்குப் பேர் போனவள்.

"யோவ், காலைல கத்திட்டேன்னு துன்னாமப் பூட்ட. மத்தியானம் வந்துடு. நண்டு கொயம்பு வெச்சிருக்கேன். நீ இல்லாம எனக்கு சோறு எறங்கல."

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். மறுபடி போன் சத்தம். இன்னொருத்தி, தன் புருஷனுக்கு. அப்புறம் இன்னொருத்தி... ஒருத்தி பாதியில் சிரித்துவிட்டாள். ஒரு பாட்டம்மா, செத்துப்போன தன் வீட்டுக்காரரிடம் ரெண்டு வார்த்தை பேசியிருந்தார். அதை மட்டும் கஸ்தூரி இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள்.

சாயங்காலத்துக்குள் இறால் விலையையே காணோம்.

அஞ்சலை நேரில் வந்து வாசலில் நின்றாள். "போன எடு. உன்னுது எங்க கீதுன்னு இப்ப தேடு பாப்போம்." கஸ்தூரி பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

இந்த ஞாயிறு பழவேற்காடு போனால், பஸ் ஸ்டாண்டில் கஸ்தூரி. தலை நிறையப் பூ. பொன்னேரி பஸ்ஸிலிருந்து வேலு இறங்கினார். அஞ்சலையின் தம்பியும் அதே போட்டில்தான் வேலை செய்கிறானாம். கஸ்தூரியின் மெசேஜை அக்கா அவனுக்கு அனுப்ப, அவன் போனில் வேலு கேட்டிருக்கிறார்.

கஸ்தூரி தலையை நிமிர்த்தவில்லை. இதுவும் கூச்சம்தான். ஆனால் இந்த முறை முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"இன்னா, பேச மாட்டியா?" என்றார் வேலு.

"அதான் கேட்டுட்டியே."

"அடுத்தவன் போன்ல கேட்டேன். எனக்கு இன்னும் வர்ல. தனியா ஒரு தபா அனுப்பு."

அனுப்பினாளா என்று நான் கேட்கவில்லை... எனக்கும் கொஞ்சம் கூச்சம் உண்டு.