கோணலாக வெட்டிய உறைகள்

குன்னூரில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், பருப்புதான் வேகாது. உயரம் கூடக் கூடக் கொதிநிலை குறையும் என்பதைக் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் கற்பித்தவன் நான். குக்கர் இல்லாமல் இங்கே சாம்பார் இல்லை.

மனைவி இறப்பதற்கு முந்தைய கோடையில் அவளுடைய சாம்பாரைப் பலமுறை பாராட்டினேன். பிறகு ஒரு நாள், அரிசி டின்னுக்குப் பின்னால், ஆயத்த சாம்பார் பாக்கெட்டுகளின் வெற்று உறைகளைக் கண்டேன். குப்பையில் உணவு வாடை இருந்தால் கரடி வாசலுக்கு வந்துவிடும். அதனால் இங்கே எல்லோரும் உறைகளைக் கழுவியே சேர்த்துவைப்போம். அவளும் கழுவி மடித்து அடுக்கியிருந்தாள். கத்தரி வெட்டுகள் எல்லாம் கோணலாக இருந்தன.

அன்று மகளின் மாமனாரும் மாமியாரும் விருந்துக்கு வந்திருந்தனர். அவர்கள் முன்னிலையில் உறைகளை ஒவ்வொன்றாக மேசையில் விரித்தேன். மூடி ஒட்டிய உறையை அழுத்தத்தில் நூற்றிருபது டிகிரிக்குச் சூடாக்கிக் கிருமிகளைக் கொல்லும் முறையை விளக்கினேன்.

"ஒரு வருஷம் கெடாது. சமைக்கத் தெரியாதவங்களுக்குன்னே கண்டுபிடிச்சது."

மாமனார் சிரித்தார்.

"நல்லாத்தானுங்க இருந்துச்சு. நீங்கதானே சொன்னீங்க" என்றாள் என் மனைவி.

மறுநாளிலிருந்து மீண்டும் குக்கர் விசில் கேட்டது. மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்குத் தள்ளிப்போனது. அந்தத் தாமதத்தையும் தவறாமல் சுட்டிக்காட்டினேன். ஐப்பசியில் அவள் இறந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள், தேயிலை எஸ்டேட்டில் இலை பறித்துவிட்டு எங்கள் வீட்டு வேலைக்கும் வரும் பெண் பாத்திரம் துலக்கியபடியே கேட்டாள்.

"குக்கர் மூடிய இனி நீங்களே போட்டுக்குவீங்களாங்க?"

"ஏன்?"

"அம்மாவுக்குக் கையில பிடிமானம் போயி ரொம்ப நாளாச்சுங்களே. மூடி போடவே வராது. அதான் பாக்கெட் வாங்குனாங்க. அப்புறம் அதும் வேண்டான்னுட்டு, நான் பறிச்ச இலைய எடை போட்டுட்டு வந்து மூடி போடுற வரைக்கும் காத்திருப்பாங்க. சாருக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும்" என்றேன்.

அலமாரியில் ஒரு பாக்கெட் எஞ்சியிருந்தது. அதன் தேதி முடிய இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. நேற்று அதைச் சுடுநீரில் போட்டு எடுத்துக் கத்தரியால் வெட்டினேன். சாம்பார் நன்றாகவே இருந்தது. உண்டபின் உறையைக் கழுவினேன். வெட்டு நேராக விழுந்திருந்தது. என் கைகளுக்கு ஒரு குறையும் இல்லை.