புள்ளி நின்ற வீடு

வான்னஸ் டீரிக்ஸ் பயந்த சுபாவம் உள்ளவன் அல்ல. அவன் பார்த்த வேலைக்குப் பயம் ஆகாது. பிரசல்ஸில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தைச் சுற்றியிருக்கும் தெருக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கும் லாபி வேலைதான் அது. சட்டம் எழுதுகிறவர்களைத் தேடிப் போய், காபி வாங்கிக் கொடுத்து, தன் நிறுவனத்துக்குத் தோதான ஒரு வரியைச் சேர்க்க வைக்க வேண்டும், அல்லது தோதில்லாததை எடுக்க வைக்க வேண்டும். அவன் பொய் சொல்ல மாட்டான். ஆனால் எந்த உண்மையைச் சொல்வது, எதை விழுங்குவது என்பதில் கெட்டிக்காரன்.

என் அலுவலகம் அவனுடையதற்கு மேல் மாடியில் இருந்தது. நான் பால் பண்ணைக்காரர்களின் சங்கத்துக்காக அதே வேலையைச் செய்தேன். வியாழக்கிழமை மாலைகளில் லக்சம்பர்க் சதுக்கத்தில் எல்லோரும் பியர் கோப்பையோடு நிற்கும்போது என் தோளில் தட்டுவான்.

“என்னடா, உன் மாடுங்கல்லாம் சௌக்கியமா?”

“மாடு உன்னைவிட நேர்மையா பேசுதுடா.”

“அதனாலதான் அதுக்கு சம்பளம் கிடையாது.”

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான்.

அவனுடைய நிறுவனம் செயற்கைக்கோள் படங்களையும், சாலைக் கேமராக்களையும், கைபேசி சிக்னல்களையும் ஒன்றாகக் கோத்து, ஒரு வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று காட்டும் அமைப்பை உருவாக்கியிருந்தது. எல்லைக் காவலுக்கும் போலீசுக்கும் அதை விற்கப் பார்த்தது. அந்தச் சமயத்தில் விண்வெளிப் பாதுகாப்பு பற்றி ஒரு சட்ட வரைவு நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் இருந்தது. இயந்திரம் யாரையாவது சந்தேகப்பட்டால், போலீசுக்குச் சொல்வதற்கு முன் ஒரு மனிதர் சரிபார்க்க வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு. அந்தப் பிரிவை எடுக்க வைப்பதுதான் வான்னஸுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

குழு உறுப்பினர்களுக்கு அமைப்பை இயக்கிக் காட்டுவதற்கு முன் அலுவலகத்திலேயே ஓர் ஒத்திகை நடந்தது. சோதனைக்காக ஊழியர்களின் வண்டிகளையே அமைப்பில் ஏற்றியிருந்தார்கள். மனைவி பிள்ளைகளின் வண்டிகளும் அதில் சேர்ந்திருந்தது யாருக்கும் தெரியாது. மேலாளர் திபோ லகாஸ் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

“நம்ம வான்னஸை எடுப்போம்பா. ஒளிக்க ஒண்ணும் இல்லாத மனுஷன்.”

திரையில் ஒரு நீலப் புள்ளி ஓடியது. அது வான்னஸின் வண்டி. பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அது அவன் மனைவி கிரீட்டின் வண்டி. லூவனில் அவள் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம், பேரங்காடி, வீடு. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அது பக்கத்து ஊரான மெக்கலன் போய், கால்வாய்க்கரையில் ஒரு செங்கல் வீட்டின் முன்னால் நெடுநேரம் நின்றது. இயந்திரம் அந்த வீட்டைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம் போட்டது. வழக்கத்துக்கு மாறான சந்திப்பு என்று பக்கத்தில் எழுத்து ஓடியது.

“செவ்வாய்க்கிழமையானா வீட்டம்மா எங்கப்பா போறாங்க?” என்றான் ஒருவன். அறை முழுக்கச் சிரிப்பு. வான்னஸும் சிரித்தான். இதையெல்லாம் பிறகு அவன்தான் என்னிடம் சொன்னான்.

அன்று வீட்டில் அவனால் சூப்பை விழுங்க முடியவில்லை. கேட்கவும் முடியவில்லை. கேட்டால் எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்பாளே. அடுத்த செவ்வாய் ரயிலேறி மெக்கலன் போய் கால்வாய்ப் பாலத்தில் நின்றான். யாரோ ஓர் ஆண் கதவைத் திறப்பான் என்று எதிர்பார்த்தான். கிரீட் இரண்டு கை நிறைய சாமான் பைகளோடு இறங்கினாள். கதவு பாதிதான் திறந்தது. மாடி ஜன்னலில் ஒரு சிறுமியின் முகம் தெரிந்து உடனே மறைந்தது.

அவன் போய் மணியடித்தான். உள்ளே பேச்சு சட்டென்று நின்றது. ரொம்ப நேரம் கழித்து கிரீட்தான் திறந்தாள். அவனைக் கண்டதும் இழுத்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

சமையலறையில் ஓர் எரித்ரியப் பெண் சுவரோடு ஒட்டி நின்றாள். பெயர் சலாமாவித். அவளுடைய அடைக்கல மனு தள்ளுபடியாகி, நாட்டை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. மகள் கிரீட்டின் வகுப்பில் படித்தவள். போலீஸ் பழைய முகவரியில் தேடிவிட்டுப் போன பிறகு, கிரீட்டும் இன்னும் சில ஆசிரியைகளும் அவர்களை இங்கே வைத்திருந்தார்கள்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ வேலை பாக்குற இடம் அப்படி. சொன்னா உனக்குத்தான் சங்கடம்.”

“வண்டிய எங்க நிறுத்துவ?”

“வாசல்லதான். ஏன்?”

அவன் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சலாமாவித்துக்கு முழுதும் புரிந்ததோ இல்லையோ, மகளின் கம்பளிச் சட்டைகளை எடுத்துப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

“எப்ப வருவாங்க?” என்று அவனிடம் கேட்டாள்.

“யாரும் வர மாட்டாங்கம்மா. அது சும்மா ஒத்திகை.”

“அப்ப ஏன் ஜன்னலையே பாத்துக்கிட்டிருக்கீங்க?”

அவன் எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினான்.

மறுநாள் திபோவிடம் போய், தன் குடும்பத் தகவலை அழித்துவிடச் சொன்னான். திபோ கோபப்படவில்லை. எழுந்து வந்து தோளில் கை போட்டார்.

“அழிச்சிடலாம்பா, அதுக்கென்ன. மொதல்ல இந்தச் சட்டம் முடியட்டும். அப்புறம், கிரீட் நல்ல மனசுக்காரி. செவ்வாய்க்கிழமை போறத நிறுத்தச் சொல்லிடாத. திடீர்னு நிறுத்தினாத்தான் மெஷினுக்கு சந்தேகம் வரும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அது மிரட்டலா, வேடிக்கையா, அவருக்கு என்னதான் தெரியும் என்று வான்னஸுக்குக் கடைசிவரை விளங்கவே இல்லை. விளங்காததுதான் அவனைத் தின்றது. சிக்னல் வெளியே போகக் கூடாதென்று கைபேசியைத் தகர ரொட்டி டப்பாவுக்குள் வைத்து மூடினான். தெருமுனைக் கேமரா கண்ணில் படாமலிருக்கச் சுற்றுவழியில் நடந்தான். வீட்டெதிரே அறிமுகமில்லாத ஒரு வேன் நின்றால் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அது கிளம்பும்வரை பார்த்தான்.

ஒரு மதியம் என்னை ஜூர்தான் சதுக்கத்து உருளைக்கிழங்கு வறுவல் கடைக்குக் கூப்பிட்டான். கைபேசியை அலுவலக மேசையிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

“மேகமா இருந்தா கொஞ்சம் நிம்மதியா இருக்குடா.”

“போன் சிக்னலுக்கு மேகம் என்னடா பண்ணும்?”

“தெரியும். இருந்தாலும் நிம்மதியா இருக்கு.”

வறுவல் ஆறிக்கொண்டிருந்தது. அவன் தொடவில்லை.

அந்த வாரமே கிரீட்டும் தோழிகளும் தாயையும் மகளையும் பேருந்து மாறிப் பேருந்து ஏறி வேறோர் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எந்த ஊர் என்று வான்னஸ் கேட்கவில்லை. தெரிந்தால் தன்னிடமிருந்து எப்படியாவது வெளியே போய்விடும் என்று பயந்தான்.

அதன் பிறகுதான் அந்தச் சந்திப்பு. சட்டத்தைக் குழுவில் கையாண்ட உறுப்பினர் கைசு என்ற பின்லாந்துப் பெண்மணி. வான்னஸ் பேச வேண்டும். திபோவும் கூடவே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வான்னஸ் மனப்பாடம் செய்துவந்தபடியே ஆரம்பித்தான். சரிபார்க்க ஆள் போட்டால் தாமதமாகும், தாமதமானால் ஆபத்து, இப்படி. கைசு பாதியில் கையைத் தூக்கினார்.

“அதெல்லாம் இருக்கட்டும். மெஷின் ஒருத்தர தப்பா சந்தேகப்பட்டா அந்த ஆளு என்ன பண்ணுவாரு?”

இதற்கும் தயாரான பதில் ஒன்று இருந்தது. அது அவன் வாயில் வரவில்லை. திபோ பேனாவை மேசையில் மெல்லத் தட்டினார்.

“என் மனைவியச் சுத்தி அது மஞ்சள் வட்டம் போட்டுச்சுங்க,” என்றான் வான்னஸ். “அவ ஒரு வீட்டுக்கு உதவி பண்ணப் போயிருந்தா, அவ்வளவுதான்.”

“நம்ம வான்னஸுக்கு எப்பவும் வேடிக்கைதான்,” என்றார் திபோ.

கைசு அவரைப் பார்க்கவே இல்லை. “அவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?”

“மெஷின் கேக்காதுங்க. அதுவா ஒண்ணு முடிவு பண்ணிட்டு சொல்லும். அந்தப் பிரிவ எடுத்துடாதீங்க.”

வெளியே வராந்தாவில் திபோ அவனுக்குக் கை கொடுத்தார். “உடம்பப் பாத்துக்கோ வான்னஸ்.” அவ்வளவுதான். மறுநாள் அலுவலகக் கதவு அவன் அட்டைக்குத் திறக்கவில்லை.

அந்தப் பிரிவு குழுவில் தப்பியது. பிறகு அரசாங்கங்களோடு நடந்த பேரத்தில், அவசர நேரத்தில் சரிபார்க்க வேண்டியதில்லை என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டது. எது அவசரம் என்று யாரும் எழுதவில்லை. மெக்கலன் வீட்டைத் தேடி யாரும் வந்ததாகத் தெரியவில்லை. அடுத்த வசந்தத்தில் சலாமாவித்தின் வழக்கை மறுபடி விசாரித்து, தங்கிக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். மகள் பழைய பள்ளிக்கே திரும்பினாள்.

வான்னஸ் இப்போது ஒரு தொழிற்பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். தகவலை அழித்துவிட்டதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது.

“நம்புறியா?” என்று கேட்டேன்.

“கிரீட் நம்புறா,” என்றான். நாங்கள் நடந்துகொண்டிருந்த தெருவில் எங்கள் பின்னால் ஒரு கார் வேகம் குறைந்தது. அது தெருமுனையில் திரும்பி மறையும்வரை அவன் நின்று அதையே பார்த்தான்.