பாய் விரித்த முந்திரிகைப் பந்தல்

நெல் விதைத்தவன் மழை வேண்டுமென்று கும்பிடுவான், முந்திரிகை நட்டவன் மழை வேண்டாமென்று கும்பிடுவான்; இரண்டு பேரும் நிற்பது ஒரே பிள்ளையார் கோயில் வாசலில். கொடிமுந்திரிகை என்கிற திராட்சையை வைத்துக் கைசுட்டவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு எங்கள் பாடு விளங்காது.

மொட்டைப் பந்தல்

உரும்பிராயில் எங்கள் புகையிலைத் தோட்டத்தில் பாதியை அழித்து நாற்பது முந்திரிகைக் கொடி நட்டேன். தோட்டக்காரர், கூலியாள், காவல்காரர் எல்லாம் நானும் மனைவி தங்கமும்தான். துலா மிதித்துத் தண்ணீர் இறைத்து, ஆட்டெரு போட்டு வளர்த்த கொடிகள் பந்தலை மூடிப் படர்ந்து நின்றன. ஒருநாள் கத்தியை எடுத்துக் கொடிகளைக் கட்டையாக வெட்டி, மிச்ச இலையையும் ஒன்று விடாமல் உருவினேன். அப்படிச் செய்தால்தான் பூக்கும். தங்கத்திடம் அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

சந்தையால் வந்தவள் பந்தலைப் பார்த்தாள். தலையிலிருந்த கடகத்தை மெல்ல இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "புகையிலையை வைச்சிருந்தால் இலையாவது மிஞ்சியிருக்கும்."

சுவாமியாரின் சைக்கிள்

உலகச் சண்டை தொடங்கிக் கப்பல்கள் ஒழுங்காக வராமல் போனபோது, கிறிஸ்தவக் கோயில் பூசைக்காகக் கடல் கடந்து வரும் முந்திரிகை ரசமும் வராமல் நின்றது. எங்கள் கொடிகள் துளிர்த்துக் காய்த்துப் பழுக்கத் தொடங்கியிருந்த நேரம், குருநகரிலிருந்து ஒரு கத்தோலிக்கச் சுவாமியார் எங்கள் படலையில் சைக்கிளால் இறங்கினார். கையிருப்பு கிறிஸ்து பிறந்த நாளான நத்தார்வரை காணாதாம். தானே வடிக்கப் போகிறாராம். ஒரு பழத்தை வாயில் போட்டார். "இன்னும் ஒரு கிழமை கொடியிலை நிக்கட்டும். இனிப்பு ஏறவேணும்" என்றார். நானும் ஓம், பழம் உங்களுக்குத்தான் என்றேன்.

தங்கம் மச்சமே தொடாத சைவக்காரி. கதவு மறைவில் நின்றபடி, "சுவாமி, உதைக் குடிச்சால் வெறிக்குமோ?" என்று கேட்டாள்.

சுவாமியார் சிரிக்காமல் சொன்னார்: "ஒரு கரண்டி குடிச்சு ஆர் வெறிச்சது, பிள்ளை? என்ரை பிரசங்கத்தைக் கேட்டுத்தான் சனம் மயங்குது."

அந்த ஒரு கிழமை

நாலாம் நாள் வானம் கறுத்தது. பழுத்த முந்திரிகையில் மழை பட்டால் தோல் வெடித்துவிடும். பட்டணத்து வியாபாரி ஒருவன் வண்டியோடு வந்து, இப்போதே வெட்டினால் அவ்வளவையும் ஏற்றுகிறேன் என்றான். எனக்கு மனம் தளம்பிவிட்டது. கத்தியை எடுத்தேன். தங்கம் என் கையைப் பிடித்தாள். "ஓம் எண்டு சொல்லிப்போட்டு, அந்த மனிசனிட்டை என்ன முகத்தோடை போவியள்?"

வியாபாரி வெறும் வண்டியோடு போனான். மத்தியானம் மழை விழுந்தது. வடக்கு வரிசைப் பழங்கள் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே வெடித்தன. நாங்கள் இருவரும் தென்னோலையில் பின்னிய கிடுகுகளைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினோம். எதை மறைப்பது, எதை விடுவது?

அந்த நேரம் ஒழுங்கையில் ஒரு மாட்டு வண்டி வந்தது. அதில் குருநகர் மீன்பிடிகாரர் ஆறு பேர். வானத்தைப் பார்த்துவிட்டுச் சுவாமியார்தான் அனுப்பியிருந்தார். வண்டி நிறைய வள்ளத்துப் பாய்கள்! பந்தலுக்கு மேலே ஏறி, பாய்களை இழுத்துக் கட்டினார்கள். காற்று ஒரு பாயைத் தூக்கிக் கம்பத்தில் அடித்து நீளத்துக்குக் கிழித்தது. அவர்களின் பிழைப்பே அந்தப் பாய்தானே என்று நான் பதறிப்போனேன். அவர்களில் மூத்தவரான சூசையண்ணை திரும்பியும் பார்க்காமல் முடிச்சை இறுக்கினார். "பாய் கிழிஞ்சால் தைக்கலாம் தம்பி. உந்தப் பழத்தைத் தைக்கேலுமே?"

முதல் வடிப்பு

பாதிப் பழம் தப்பியது. சுவாமியார் இரண்டு ஜாடிகளில் வடித்தார். ஒன்று புளித்து வினாகிரியாகிப் போக, அதைச் சூசையண்ணை வீட்டார் மீன்கறிக்கு எடுத்துக்கொண்டார்கள். மற்றது நத்தார் பூசைக்கு வந்தது. நானும் தங்கமும் கோயிலின் பின்கதவடியில் நின்றோம். பூசை செய்கிறவர் சனத்துக்கு முதுகைக் காட்டி நிற்பதால், ரசத்தைக் குடித்தபோது முகம் சுழித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. தங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. பூசை முடிந்ததும் நேரே போய், ருசி எப்படி என்று கேட்டுவிட்டாள்.

சுவாமியார் பொய் சொல்லவில்லை. "புளிப்புத்தான் பிள்ளை. ஆனால் இண்டைக்குப் பூசை நிக்கேல்லை."

சாராயக் கடை எந்தத் திசையில் என்றுகூடத் தெரியாத எனக்கு, ஊரில் இன்றுவரை 'வைன்காரன்' என்றுதான் பெயர்.