மண்வெட்டி தொடாத அண்ணன்

அவர் பேரை நான் முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த புதிதில், என் மாமியார் வாயால். "குழியான் வர்றான், கதவைச் சாத்துடி!" கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர். தெருவே ஒதுங்கும். ஒதுங்கிய நாங்களும் ஒன்றும் உசத்தியில்லை. எங்களைக் கண்டு ஒதுங்க இன்னொரு தெரு இருந்தது.

பிறகு என் நாத்தனார் புருஷன் போதகராகிச் சபை தொடங்கினார். நம் முன்னோரை அடிமைகளாக்கி மாடு மாதிரி விற்றார்கள், அண்ணன் ஒரு பக்கம் தங்கை ஒரு பக்கம் போனார்கள், எதிரில் வருகிறவர் தொலைந்துபோன உன் கூடப்பிறப்பாக இருக்கலாம். இதுதான் அவர் பிரசங்கம். சாதி கேட்கக் கூடாது, தொழிலைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. குழியான் ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்தார். மண்வெட்டியை ஆற்றோடு விட்டார். மூட்டை தூக்கப் போனார். என் மாமியாரே பல்லைக் கடித்துக்கொண்டு "தம்பி" என்றாள்.

ஆனாலும் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஜெபத்தில்கூட வாசலுக்கும் தூணுக்கும் நடப்பார். "உட்காருங்கண்ணே" என்றால், "எப்ப எழுப்பிவிடுவாங்களோன்னே இருக்கும்மா" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் போதகர் செத்துப்போனார். சபைக்கென்று வாங்கிய நிலத்தில் அதுதான் முதல் குழி. சபையிலிருந்த தையல்காரரும் என் வீட்டுக்காரரும் வெட்டினார்கள். வெட்ட வெட்ட ஈர மண் சரிந்தது. "இது குழியா, குளமா?" என்று தையல்காரர் மண்வெட்டியைப் போட்டார். எல்லார் கண்ணும் சுவரோரம் நடந்துகொண்டிருந்தவர் மேல் போனது.

என் வீட்டுக்காரர்தான் வாய் திறந்தார். "அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"ஒரு நாள் போதும் தம்பி. நாளைக்கு நான் மறுபடி குழியான். என் மக குழியான் மக."

சபை மண்டபத்தில் புருஷன் பிணமாகக் கிடக்க, என் நாத்தனார் சேலையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். "நான் வெட்டுறேண்ணே. எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

அவர் நின்றார். "ஓரத்தைச் சரிவா எடும்மா. பலகை குடுத்து நிறுத்து." அவர் சொல்லச் சொல்ல ஆணும் பெண்ணுமாக மாறி மாறி வெட்டினோம். மாமியாரும் மண்கூடை சுமந்தாள், "இம்புட்டு வேலையா இதுல!" என்று முனகிக்கொண்டே. அவர் கையில் மண் படவே இல்லை. அதற்கப்புறம் எங்கள் சபையில் யார் செத்தாலும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரும்.

அந்த மகளைத்தான் என் கொழுந்தன் மகனுக்குக் கட்டினோம். அவர் இப்போது மகள் வீட்டு மாடியில் இருக்கிறார், வராந்தாவில் இன்னும் நடந்துகொண்டு.