பொகவந்தலாவைக்குப் போன ஒட்சிசன்

போன ஆகஸ்டில் நண்பர் ஒருவர் பொகவந்தலாவையில் வீடு கட்டிக் குடிபுகுந்தார். சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன். கொழும்புக் கோட்டையில் காலை 5.55 ரயில், ஹட்டனில் இறங்கும்போது பதினொன்றரை. பஸ்ஸில் தொங்கிய கூட்டத்தையும் என் இடுப்புச் சுற்றளவையும் ஒப்பிட்டுப் பார்த்து, பஸ் எண்ணத்தைக் கைவிட்டேன்.

செல்வராஜ் என்ற வேன் சாரதி, முன் சீட் காலி என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நோயாளியை வீட்டுக்குக் கொண்டுபோவதால் சத்தமில்லாமல் வரவேண்டுமாம். என் பங்கு 1500 ரூபாய். இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம்.

பின் சீட்டில் முனியாண்டி. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் தூசி குடித்த நெஞ்சு. பக்கத்தில் மகள் யோகம். காலடியில் வெள்ளைக் கழுத்துக் கறுப்புச் சிலிண்டர். அதிலிருந்து வந்த ஒட்சிசன் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலுக்குள் குமிழ் குமிழாக ஏறி, குழாய் வழியே அவர் மூக்குக்குப் போனது.

நான் இருபது வருடம் டியூஷனில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன். வாய் சும்மா இருக்குமா? கொழும்பில் வாங்கிய மிக்சர் பக்கெட் தலையணை போல உப்பியிருந்தது. அதைத் தூக்கிக் காட்டி யோகத்துக்குப் பாடம் எடுத்தேன்: மேலே ஏற ஏற வெளியே அழுத்தம் குறையும், உள்ளே அடைபட்ட காற்று பெருகும். குமிழையும் விடவில்லை: கனமான தண்ணீர்தான் லேசான வாயுவைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது என்றேன். இவ்வளவு கவனமாகக் கேட்ட மாணவி எனக்கு வாய்த்ததே இல்லை.

நோர்வூட் தாண்டியதும் மூடுபனி. திரும்பிப் பார்த்தேன். போத்தலில் குமிழ்களை எண்ணிவிடலாம் போலிருந்தது. முனியாண்டியின் உதடு நீலம் பாரித்திருந்தது. சிலிண்டர் வாயிலிருந்த அளவுக் குழாயில், நிமிடத்துக்கு இரண்டு லீட்டர் என்ற கோட்டில் மிதக்க வேண்டிய சின்ன மணி அரைக்குக் கீழே கிடந்தது. யார் தொட்டது என்று கேட்டேன்.

"நான்தாங்க. மேல போகப் போக காத்து பெருகும்னீங்க. வீடு போறதுக்குள்ள எல்லாம் வெளிய வந்து தீந்துருமோன்னு கொறைச்சு வச்சேன்."

செல்வராஜ் வேனை ஓரங்கட்டினார். நான் பின்னால் ஏறி, திருகைத் திருப்பி மணியை இரண்டுக்கு உயர்த்தினேன். சிலிண்டர் இரும்பு, பக்கெட் மாதிரி உப்பாது. திருகு விடுகிற அளவுதான் வாயு வெளியே வரும். மேலே காற்று மெலிவதால் அவருக்குத் தேவை கூடுமே தவிரக் குறையாது. இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்?

யோகம் அப்பாவின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. முனியாண்டி கண் திறந்து, நான் வாத்தியாரா என்று கேட்டார். ஆம் என்றேன்.

"புள்ளைய ஏசாதீங்க சார்," என்றார், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "நீங்க நல்லாத்தான் சொன்னீங்க. அதுவும் நல்லாத்தான் கேட்டுச்சு."

அவரைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத்தான் நண்பர் வீட்டுக்குப் போனேன். பாயசம் இறங்கவில்லை.

ஒட்சிசனோடு மலையேறுபவர்களுக்கு: ஆஸ்பத்திரியில் வைத்த அளவைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள், வழியில் மாற்றாதீர்கள். சிலிண்டரின் கொள்ளளவை முள் காட்டும் அழுத்தத்தால் பெருக்குங்கள். எங்களுடையது பத்து லீட்டர், முள் அறுபது பாரில். ஏறக்குறைய அறுநூறு லீட்டர். நிமிடத்துக்கு இரண்டு என்றால் ஐந்து மணி நேரம் தாராளம். பாதை அடைபட்டாலும் தாங்கும்படி கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் யாருக்காவது பாடம் எடுத்தால், கேட்டவர் அதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.