வெள்ளிக்கிழமை வளைவுகள்

என் கணவருக்கு வளைவில்லாத ரோடு பிடிக்காது. போய்ச் சேர்ந்ததோ கத்தாருக்கு. பிலிமத்தலாவையில் ஒரு கடையின் லொறியை வைத்துக்கொண்டு மலைநாடெல்லாம் சுற்றியவர் அங்கே தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறி ஓட்டுகிறார். ஸ்டியரிங்கைத் திருப்ப வேலையே இல்லை, தூக்கம்தான் வருகிறது என்று போன முதல் மாதமே குறைப்பட்டுக்கொண்டார்.

போன வருடம் அவருடைய அறைத் தோழர் ஒருவர் நாடு திரும்பும்போது தன் பழைய வீடியோ கேம் பெட்டியை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இருந்தது ரேலி கார்ப் பந்தயம். காட்டுப் பாதையில் ஒரு கார் தனியாகப் பறக்கும். பக்கத்து சீட்டில் இருப்பவர் வரப்போகும் வளைவை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வர வேண்டும். கேமில் அந்த வேலையைச் செய்வது ஓர் ஆங்கிலக் குரல்.

"இந்தாள் சொல்றது வெளங்க முந்தி நான் மரத்துல மோதி ஈக்கிற," என்றார் கணவர் போனில். "நீங்க சொல்லுங்க. பைக்ல பின்னுக்கு இருந்து கத்தினவங்கதானே."

கத்தினது உண்மைதான். கலியாணமான புதிதில் ஹந்தானை மலைக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போவார். தேயிலைக்கு நடுவே ஒவ்வொரு திருப்பத்துக்கும் நான் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பேன். அவர் சிரிப்பார். அந்த முதுகின் சூடு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வந்து அவர் போனை டிவிக்கு முன்னால் நிறுத்துவார். இங்கே திகனையில், எங்கள் வீட்டில், நான் அஸர் தொழுதுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வேன். படம் என்னிடம் வந்து சேர்வதற்குள் அவருடைய கார் அடுத்த வளைவில் நிற்கும். பார்த்துச் சொன்னால் சரிவராது என்று, யாரோ அதே பாதையில் ஓட்டிய வீடியோவை இணையத்தில் தேடியெடுத்து முழுவதையும் மனப்பாடம் செய்தேன். எங்கோ ஒரு பனிக்காடு. வளைவுகளுக்கு நம்பர் சொல்லும் முறை எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தேன். அகலமாக வலம் போனால் பாலம். ஒடுங்கிய இடம் என்றால் பேக்கரி. ஹந்தானை என்றால் காலைப் பிரேக்கில் வைத்துவிட வேண்டும்.

"பாலம். பாலம் முடிய பேக்கரி. மெதுவா, ஹந்தானை வருது."

"ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிச்சீக்கி," என்பார் என் மாமி, அவருடைய உம்மா, குசினிக்குள் சமைத்தபடி.

இருக்கட்டும். மற்ற நாட்களில் நாங்கள் கூரைத் தகடு பற்றியும் மாமியின் சீனி வருத்தத்து மருந்து பற்றியும்தான் பேசுவோம். அந்தப் பனிக்காட்டில்தான் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சென்ற மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிய இருந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்களாம்.

"என்ன செய்ற?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒங்கட விருப்பம்," என்றேன். எனக்கு வீம்பு. நான் கேட்டு அவர் வரக்கூடாது, அவராகவே வர வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை கார் எங்குமே முட்டவில்லை. ஒரு நாளும் அவ்வளவு தூரம் போனதில்லை. முடிவுக் கோட்டுக்கு முன்னால் ஒரே ஒரு வளைவு மிச்சம். அதற்கு நான் பெயர் வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது எங்கள் வீட்டுக்குப் போகும் சந்துதான்.

"நம்மட ஒழுங்கை."

"அது எந்தப் பக்கம்?" என்றார். கேட்டு முடிப்பதற்குள் கார் நேரே போய்ப் பனிக்குள் இறங்கியது. "டவுன்லருந்து வரக்குள்ள வலம்தானே?"

இடம். கண்டியிலிருந்து வருகிறவர் எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும். எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது, பிறகு அழுகை வந்தது. இரண்டையும் அடக்க முடியவில்லை.

"சொந்த வீட்டுக்குத் திரும்புற பக்கம் ஒங்களுக்கு மறந்திட்டு," என்றேன். "சைன் வெக்க வாணாம். வாங்க. எனக்கு நீங்க வேணும்."

அவர் போனைக் கையில் எடுத்தார். டிவி மறைந்து அவருடைய முகம் தெரிந்தது.

"நேத்துத்தான் சைன் வெச்ச," என்றார். "நீங்க ஒண்டுமே சொல்லல்லயே."