மூன்றாவது ஆள்

சோப்புத் தொழிற்சாலையில் அவளுக்கு 'சங்கு' என்று பெயர். அந்தப் பழைய வேலைநிறுத்தத்தில், ஆலைச் சங்கை நேரங்கெட்ட நேரத்தில் ஊதி எல்லோரையும் வெளியே கொண்டுவந்தவள் அவள்தான். கடைசியில் மிஞ்சியது அந்தப் பெயர் மட்டும். பட்டினி போட்டே ஆட்களை மடக்கினார்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர்களிடம் அப்போதைய மேனேஜர் ஒரு சட்டம் போட்டார்: இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நின்றால் வேலை இல்லை.

அந்த மனுஷன் செத்துச் சாம்பலாகி எத்தனையோ காலமாயிற்று. பாழாய்ப்போன சட்டம் மட்டும் சாகவில்லை. கேட்டருகே, கடைத்தெருவில், ஏன், துக்க வீட்டில்கூட இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதாக யாராவது வந்தால் போதும், "சரி, வேலை கிடக்கு" என்று ஒருத்தர் நழுவிவிடுவார். வேலைநிறுத்தத்தைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளுக்கும் இது தொற்றிக்கொண்டது. ஏன் போகிறாய் என்று கேட்டால் பதில் தெரியாது. வெட்கக்கேடு!

சங்குவின் தங்கை மூச்சிளைப்புக்காரி. சோப்புக்குத் தாள் சுற்றும் கூடத்தில் வேலை. சரக்கு திருட்டுப்போகிறதாம், அதனால் வேலை நேரத்தில் கூடத்தை வெளியே பூட்டுவார்கள். மனுஷர்களை உள்ளே வைத்துத்தான்! ஒருநாள் பக்கத்து அறையில் வயர் எரிந்து புகை உள்ளே புகுந்தது. கதவைத் தட்டினார்கள், தொண்டை கிழியக் கத்தினார்கள். சாவி சூப்பர்வைசர் பையில், சூப்பர்வைசர் டீக்கடையில். அவன் ஆடி அசைந்து வந்து திறந்தபோது தங்கை தரையில் மயங்கிக் கிடந்தாள். மறுநாளும் அதே பூட்டைப் போட்டார்கள். சங்கு அன்று சாயங்காலமே தெருவில் இறங்கினாள்.

"பூட்டை எடுக்கச் சொல்லிக் கேட்போம், வாங்க," என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"பழசெல்லாம் மறந்துபோச்சாக்கா? எங்கப்பா அதுக்கப்புறம் தலை நிமிரவே இல்ல," என்றான் ஆலை மெக்கானிக்.

"கேட்டதால குனியலடா உங்கப்பா. பாதியில எல்லாரும் விட்டுட்டுப் போனதால குனிஞ்சாரு!"

அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வீட்டுக்கு வந்தால் தங்கை இரைத்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். "போகாட்டி வேலை போயிடும்க்கா. நாளைக்கும் அந்த ரூமுக்குள்ளதான் போகணும்."

சங்கு மறுபடி தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "பயமா இருந்தா பயந்துக்கிட்டே வாங்க. ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க, போதும். மூணாவது ஆளு பக்கத்துலயே வர வேணாம்," என்றாள்.

காலையில் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை சாலையோரம் இரண்டிரண்டு பேராக நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை. புது மேனேஜர் வேகமாக வெளியே வந்தார்.

"என்ன இங்க கூட்டம்?"

"கூட்டமா? எங்க சார்? ரெண்டு ரெண்டு பேர்தானே நிக்கிறோம்," என்றாள் சங்கு. சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "கதவுல பூட்டை எடுங்க, இப்பவே உள்ள வர்றோம்."

மேனேஜர் முகம் சிவந்தது. "நீதான் இதுக்கெல்லாம் காரணமா? நீ மட்டும் ஆபீசுக்கு வா!"

தனியாகப் போனால் என்ன நடக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த வேலைநிறுத்தத்திலும் அப்படித்தானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உடைத்தார்கள், பாவிகள். ஒருவரும் அசையவில்லை. தங்கைதான் எதிர்ப்பக்கத்திலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சங்குவோடு ஜோடியாக நின்றிருந்தவன் மெக்கானிக். இப்போது மூன்று பேர். அவன் கால் தானாகவே பின்னால் நகர்ந்தது. சாலை முழுக்க அவன் காலையே பார்த்தது.

"சரி, வேலை..." என்று தொடங்கியவன் தங்கைக்கு மூச்சு இரைப்பதைக் கேட்டு நின்றான். பிறகு காலை முன்னால் எடுத்து வைத்தான்.

"வேலை கிடக்கட்டும்," என்றான்.

பஸ் ஸ்டாப் பக்கமிருந்து ஆட்கள் அந்த மூன்று பேரை நோக்கி நடந்து வர ஆரம்பித்தார்கள்.